லயத்துச் சுவர் வெடித்தால் நட்டம் யாருக்கு?

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் வீட்டு வேலை நிற்பதே இல்லை. முன்னால் திறந்து கிடக்கும் இஸ்தோப்பைக் கல் வைத்து அடைத்து ஓர் அறையாக்குகிறார்கள். பின்பக்கத்து மண்மேட்டை வெட்டி இடம் எடுத்துக் குசினி கட்டுகிறார்கள். துருப்பிடித்து ஒழுகும் தகரத்தைக் கழற்றிப் புதுத் தகரம் போடுகிறார்கள். மகனுக்குக் கல்யாணம் முடிந்தால் காம்பராவுக்கு நடுவே ஒரு சுவர் எழும்புகிறது. கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசில் ஒரு பங்கு இப்படித்தான் சீமெந்தாகவும் கம்பியாகவும் மாறுகிறது. இவற்றில் எதையும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கணக்கில் வரிசையாகக் கட்டிய லயங்களின் காம்பராக்களில் மூன்று தலைமுறை ஒன்றாக வாழ வேண்டியிருக்கும்போது, ஒரு சுவரை நகர்த்துவதுகூட மூச்சுவிட இடம் தேடும் வேலைதான். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் சேதமும் நடக்கிறது. ஒரு காம்பராவின் கூரை மரத்தை மாற்றும்போது பக்கத்துக் காம்பராவின் தகரம் தூக்கிக்கொள்கிறது. ஒரு சுவரை இடிக்கும்போது இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் வெடிக்கிறது. வெட்டிய மண்மேடு அடுத்த மழையில் இறங்கி, வெட்டாதவர் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. இந்த நட்டத்தை யார் கட்டுவது?

நடைமுறையில் இன்று கிடைக்கும் பதில் ஒன்றுதான்: யாருடைய வீடு உடைந்ததோ அவரே மறுபடியும் கட்டிக்கொள்கிறார். தோட்டத் தலைவர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, வேலை செய்தவர் நாலு தகரமோ இரண்டு மூட்டை சீமெந்தோ கொடுக்கச் சொல்லிச் சமாதானம் செய்து வைக்கலாம். பெரிய சேதம் என்றால் அதற்கும் வழியில்லை. 2024 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோது, ஒரு மூட்டை சீமெந்தின் விலை அதைவிட அதிகமாக இருந்தது. தன் வீட்டைத் திருத்தவே கடன்பட்டவரிடம் அடுத்த வீட்டைத் திருத்தித் தரும்படி கேட்பதில் நியாயம் இருக்கலாம், பணம் இருக்காது. இந்தக் கட்டுரையின் வாதம், கேள்வியை நாம் தவறான இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது. சுவரைத் தட்டியவர் யார் என்று மட்டும் பார்த்தால், லயத்தில் நட்டம் எப்போதும் ஏழையிலிருந்து இன்னோர் ஏழைக்கே கைமாறும். அந்தச் சுவர் யாருடையது, அதைத் தொட அனுமதிக்கவும் மறுக்கவும் யாருக்கு அதிகாரம், அந்தச் சரிவு ஆபத்தானது என்று யாருக்குத் தெரியும் என்று பார்க்க வேண்டும். அதிகாரம் எங்கே இருக்கிறதோ, நட்டத்தில் ஒரு பங்கும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

முதலில் பதுளை நகரத்திலோ பண்டாரவளையிலோ உறுதிப்பத்திரம் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே சட்டம் ஓரளவு தெளிவானது. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, ஒருவர் தம் கவனக்குறைவால் இன்னொருவரின் சொத்துக்கு நட்டம் விளைவித்தால் ஈடு செய்ய வேண்டும். வேலையைச் செய்த மேசன் பாஸ் தூண் வைக்காமல் சுவரை இடித்தார் என்றால் தவறு அவருடையது. அவரைத் தன் கூலியாளாக வைத்து, எங்கே இடி, எப்படி இடி என்று வீட்டுக்காரரே சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரருக்கும் பொறுப்பு உண்டு. வேலையை ஒட்டுமொத்தமாகக் கொந்தராத்துக் கொடுத்துவிட்டால் பொறுப்பு கழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டின் அத்திவாரத்தை அசைக்கக்கூடிய வேலை என்றால் அப்படிக் கழிந்துவிடாது. 1876 இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, அடுத்த வீட்டைத் தாங்கும் மண்ணைத் தோண்டும் வேலையில், ஆபத்தைத் தடுக்கும் கடமையைக் கொந்தராத்துக்காரர் தலையில் கட்டிவிட்டு உரிமையாளர் விலகிவிட முடியாது என்று தீர்த்தது. இலங்கையில் இத்தகைய வழக்குக்குக் காலவரையறையும் உண்டு: 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, நட்டம் தொடர்பான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். தொகை சிறியதானால், 1988 ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைச் சட்டத்தின்படி பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும்.

இந்த ஏற்பாடு மூன்று பேரை மனதில் வைத்து எழுந்தது. தன் சொத்தைத் திருத்தும் உரிமையாளர், கூலிக்குச் செய்யும் வேலைக்காரர், தன் சொத்து சேதமான அயலவர். மூவருக்கும் எல்லைகள் தெளிவு. லயத்தில் அந்த மூவரில் முதலாமவரைக் காணவில்லை. காம்பராவில் வாழ்பவர் அதற்குச் சொந்தக்காரர் அல்லர். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டில் அதற்கு வந்த திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. பின்னர் காணி 53 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 1992 இலேயே வீடமைப்பையும் சமூக நலனையும் பார்க்க அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த ஒரு நிதியம் உருவானது. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படுகிறது. ஆக, மண் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, வீடமைப்புப் பணி நிதியத்துக்கு, வாழ்க்கை தொழிலாளருக்கு. 1971 ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தொழிலாளரைக் காம்பராவிலிருந்து வெளியேற்ற முடியாது என்று பாதுகாப்புத் தந்தது. அது இருப்பதற்கான பாதுகாப்பு. திருத்துவதற்கான உரிமையை அது தரவில்லை. ஒரு சுவரைத் தட்ட வேண்டுமானால் இன்றும் தோட்டத்துரையின் சம்மதம் வேண்டும்.

இங்கேதான் சமநிலை குலைகிறது. நிர்வாகத்தால் 'முடியாது' என்று சொல்ல முடியும். 'முடியும்' என்று சொன்னால் எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டும் பொறியியலாளரை அனுப்ப வேண்டிய கடமை நடைமுறையில் அதற்கு இல்லை. பல வேளைகளில் நிர்வாகம் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது. சேதம் வந்த பிறகு, 'அனுமதி இல்லாமல் செய்த வேலை' என்ற வார்த்தை மட்டும் நிற்கிறது. உள்ளூராட்சியும் நெடுங்காலம் வெளியே நின்றது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல் வந்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது காணி யாருடையது என்பதற்கான ஆதாரம். அது இல்லாதவருக்குச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் கதவு மூடியே இருக்கிறது. அனுமதி பெற வழியில்லாத ஒருவரை அனுமதி பெறவில்லை என்று குற்றம் சொல்வது நீதியாகாது.

லயத்தில் நடக்கும் சேதங்களை வகை பிரித்துப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் துலங்கும். முதல் வகை, கட்டடத்தின் அமைப்பிலிருந்தே வரும் சேதம். லயம் என்பது தனித்தனி வீடுகளின் வரிசை அல்ல. ஒரே கூரையின் கீழ் தடுக்கப்பட்ட ஒரே கட்டடம். முகட்டு மரம் பல காம்பராக்களுக்கு மேலாக ஓடுகிறது, சுவர்கள் பொதுவானவை, தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. நூறு ஆண்டு கடந்த சுண்ணாம்புக் காரையும் உளுத்த மரமும் ஒரு பக்கத்தில் கை வைத்தால் மறுபக்கத்தில் வாய் திறக்கின்றன. இப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு குடும்பம் மிகுந்த கவனத்தோடு வேலை செய்தாலும் அயலவருக்குச் சேதம் வரலாம். கவனக்குறைவைத் தேடும் சட்டத்தால் இங்கே எதையும் பிடிக்க முடியாது, ஏனென்றால் உண்மையான காரணம் பராமரிப்பில்லாமல் விடப்பட்ட கட்டடம். பராமரிக்க வேண்டியவர் கட்டடத்தின் உரிமையையும் குத்தகையையும் வைத்திருப்பவரே.

இரண்டாவது வகை தீ. அறையைப் பிரித்த பிறகு ஒவ்வொரு அறைக்கும் மின்விளக்கு வேண்டும். ஒரே இணைப்பிலிருந்து வயர் இழுக்கப்படுகிறது. மின்னொழுக்கால் லயங்கள் எரிந்த செய்தி மலையகத்தில் புதிதல்ல. காம்பராக்களுக்கு இடையில் கூரை வரை தீயைத் தடுக்கும் சுவர் இல்லாததால், ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் தின்றுவிடுகிறது. இங்கே வயர் இழுத்தவரின் தவறை மறுக்க முடியாது. ஆனால் ஒரு காம்பராவின் நட்டம் பத்துக் காம்பராவின் நட்டமாக மாறியதற்குக் காரணம் அவர் அல்லர். கூரை முகடு வரை தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தால் சேதம் அவரோடு நின்றிருக்கும். அந்தத் தடுப்பை எழுப்பும் அதிகாரம் எந்தக் குடும்பத்துக்கும் இல்லை. ஆகவே தீயின் தொடக்கத்துக்கான பொறுப்பையும் பரவலுக்கான பொறுப்பையும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே நியாயம்.

மூன்றாவது வகையே ஊவாவில் மிக ஆபத்தானது: மண்ணை வெட்டுவது. தோட்டங்களின் தட்டையான இடங்களில் தொழிற்சாலையும் பங்களாவும் உட்கார்ந்திருக்க, லயங்கள் பெரும்பாலும் சரிவில் நிற்கின்றன. இடம் வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் மேட்டைத்தான் வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை முன்னால் கொட்டினால் கீழ் லயத்துக்கு மேலே புதிய பாரம் ஏறுகிறது. மேட்டின் மழைநீரைத் திருப்பிவிட்ட கான் மூடிப்போனால் நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. ஊவாவின் காலநிலை இதில் ஒரு பொறி வைத்திருக்கிறது. கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களில் மண் இறுகி நிற்கும். வேலைக்கு அதுவே வசதியான காலம். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும் மழையில்தான் வெட்டின் விளைவு வெளிப்படும். வேலைக்கும் சேதத்துக்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடுகின்றன, சில வேளை ஆண்டுகளும் ஓடுகின்றன. அப்போது சரிந்தது வெட்டினாலா, மழையினாலா, மேலே தோட்டம் வெட்டிய பாதையினாலா என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. நிரூபிக்கும் பாரத்தை வீடிழந்தவர் மேல் வைக்கும் சட்டம், இங்கே அவரைக் கையறு நிலைக்குத் தள்ளுகிறது.

ரோமன் டச்சுச் சட்டத்தின் இன்னொரு வாரிசான தென்னாப்பிரிக்கா இந்தச் சிக்கலுக்கு வேறு விடை கண்டிருக்கிறது. அங்கே ஒவ்வொரு காணிக்கும் பக்கத்துக் காணியின் மண் தரும் தாங்குதலுக்கு உரிமை உண்டு. கேப் டவுனின் மலைச்சரிவில் வீட்டு வேலைக்காக ஒருவர் மண்ணை ஆழமாக வெட்டியதில் மேலே இருந்த வீடுகள் அசைந்த ஒரு வழக்கில், 2020 இல் அந்நாட்டின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம், தாங்கும் மண்ணை அகற்றியவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை, அகற்றியதே ஈடு செய்யப் போதும் என்று தீர்த்தது. சரிவில் வாழும் மக்களுக்கு இது பொருத்தமான விதி. ஆனால் அதை அப்படியே லயத்துக்குக் கொண்டுவந்தால், மேட்டை வெட்டிய குடும்பமே முழுச் சுமையையும் சுமக்கும். கேப் டவுனில் வெட்டியவர் காணிக்குச் சொந்தக்காரர். இங்கே காணிக்குச் சொந்தக்காரர் அரசு, ஆள்வது கம்பனி. தாங்குதலைக் காக்கும் கடமை காணியோடு சேர்ந்தது என்றால், அந்தக் கடமையை முதலில் நிறைவேற்ற வேண்டியவர்களும் அவர்களே.

மண்ணைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது என்பதை மீரியபெத்தை மறக்க முடியாதபடி காட்டியது. 2014 ஒக்டோபர் 29 காலையில், ஹல்துமுல்லைப் பிரிவில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது எந்த வீட்டுத் திருத்த வேலையாலும் வந்த அனர்த்தம் அல்ல, மலையே இறங்கியது. ஆனாலும் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அது நேரடியான சாட்சி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை அலுவலகங்களில் இருந்தது. மாற்றுக் காணி கொடுக்கும் அதிகாரம் அரசிடமும் குத்தகைக்காரரிடமும் இருந்தது. வாழ்ந்தவர்களிடம் இருந்தது அந்தக் காம்பரா மட்டும்தான். அறிவும் அதிகாரமும் ஒரு பக்கம், உயிர் மறுபக்கம் என்ற இந்தப் பிரிவினையே, அளவில் சிறியதாக, ஒவ்வொரு பின்கட்டுக் குசினியிலும் தொடர்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்ற நடைமுறை வந்திருக்கிறது. பதுளை அந்த மாவட்டங்களில் ஒன்று. ஆனால் உறுதிப்பத்திரத்தோடு விண்ணப்பிப்பவருக்கே அந்த நடைமுறை பயன்படுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது, இந்த இடைவெளிக்கு விலை என்ன என்பது மறுபடியும் தெரிந்தது.

இதன் மறுபக்கத்துக்கு உமா ஓயாத் திட்டத்தைப் பார்க்கலாம். அங்கே சேதம் செய்தது ஒரு குடும்பமல்ல, ஓர் அரசுத் திட்டம். பதினைந்து கிலோமீற்றருக்கும் நீளமான சுரங்கத்தைத் தோண்டும்போது, 2014 டிசெம்பரிலும் மறுபடி 2017 இலும் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருகியது. பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்களும் நிலங்களும் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளையில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அதன் பிறகு அரசு பவுசரில் தண்ணீர் கொடுத்தது, நட்டஈட்டுக்கு ஏற்பாடு செய்தது. இந்த அனுபவத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன. வேலையைத் தொடங்கிய அதிகாரமே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை, எதிரே அரசு நின்றபோது எல்லோருக்கும் இயல்பாகவே விளங்கியது. சுரங்கத்தில் இறங்கித் தோண்டிய தொழிலாளியிடம் யாரும் பணம் கேட்கவில்லை. இரண்டாவது, வேலைக்கு முன் ஒவ்வொரு வீட்டின் நிலையையும் பதிந்து வைக்காவிட்டால், ஒவ்வொரு வெடிப்பும் பழையதா புதியதா என்ற வழக்காக மாறிவிடும். இங்கிலாந்தின் 1996 ஆம் ஆண்டுப் பொதுச் சுவர்ச் சட்டம் இதற்கு எளிய வழியைக் கையாள்கிறது. பொதுச் சுவரில் வேலை செய்பவர் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இணக்கம் இல்லையென்றால் சர்வேயர் நியமிக்கப்பட்டு, அயல்வீட்டின் நிலை பதியப்பட்டு, பின்னர் சேதம் வந்தால் வேலை செய்வித்தவர் சரிசெய்ய வேண்டும். பழைய ரோமானியச் சட்டத்திலும், இடியும் நிலையிலுள்ள வீட்டால் நட்டம் வரும் என்று அஞ்சும் அயலவர், நட்டம் வரும் முன்பே பிணை கேட்க முடிந்தது. சேதத்துக்குப் பின் சண்டை போடுவதைவிட, முன்னால் பதிவும் பொறுப்பும் கேட்பது மனிதர் நெடுங்காலமாக அறிந்த வழி.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். கம்பனிகளின் பக்கத்து முதல் மறுப்பு, 'நாங்கள் கட்டச் சொல்லவில்லை' என்பது. உண்மைதான். ஆனால் தெரிந்தும் தடுக்காமல் விட்டார்கள். தோட்டத்தில் ஒரு புதுச் சுவர் எழும்பியதை நிர்வாகம் அறியாமல் இருப்பது கடினம். கங்காணி முதல் கணக்கப்பிள்ளை வரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தடுக்கும் அதிகாரம் உள்ளவர் தடுக்காமல் இருந்தால், அந்த மௌனத்துக்கும் பொறுப்பு உண்டு. தேயிலை வருமானம் இதைத் தாங்காது என்பது அடுத்த மறுப்பு. வருமானம் குறைந்ததால் பராமரிப்பைக் குறைத்த நிறுவனம், பராமரிப்பின்மையால் வந்த நட்டத்தைத் தன்னைவிட வருமானம் குறைந்தவரிடம் தள்ளுவதற்கு இது காரணமாகாது. முழுத் தொகையையும் கம்பனி கட்ட வேண்டும் என்றும் இங்கே வாதிக்கவில்லை. காணியின் உரிமையாளர் என்ற வகையில் அரசின் பங்கு குத்தகையால் கரைந்துவிடவில்லை.

இவற்றைவிடக் கனமான மறுப்பு மக்கள் பக்கத்திலிருந்தே வருகிறது. கம்பனிக்குப் பொறுப்புச் சுமத்தினால், அது பயந்து எல்லாத் திருத்த வேலையையும் தடைசெய்துவிடும். அப்போது ஒழுகும் தகரத்துக்குக் கீழேயே கிடக்க வேண்டியதுதான் என்கிறார்கள். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் பொறுப்பு, மறுக்கும் அதிகாரத்தைக் கூட்டும் விதத்தில் அமையக் கூடாது. அனுமதி கேட்டு எழுதிய ஒருவருக்குக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். மறுத்தால் காரணமும் மாற்று வழியும் எழுத்தில் தர வேண்டும். காரணமில்லாமல் மறுத்த பின் கட்டடம் தானே இடிந்தால் அதற்கும் மறுத்தவரே பொறுப்பாக வேண்டும். இப்படிச் செய்தால் மறுப்பதற்கும் விலை உண்டு, அனுமதிப்பதற்கும் விலை உண்டு. வேலையைச் சரியாகச் செய்யவைப்பதே மலிவான வழி என்று நிர்வாகம் கண்டுகொள்ளும்.

காணியுரிமை வந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காது என்பது இன்னொரு கருத்து. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் மலையக மக்களின் நீண்ட காலக் கோரிக்கை. அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த நிகழ்வில் இந்திய வீடமைப்புத் திட்டப் பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டது நல்ல தொடக்கம். உரிமை கையில் வந்தால் கட்டட அனுமதியின் கதவும் திறக்கும், வங்கிக் கடனின் கதவும் திறக்கும். ஆனால் பத்திரம் கொடுத்த நாளில் சரிவு தட்டையாகிவிடாது. குடும்பம் பெருகினால் ஏழு பேர்ச்சிலும் பின்பக்கத்து மேட்டைத்தான் வெட்டுவார்கள். அப்போது சட்டத்தின் பார்வையில் முழு உரிமையாளர் அவர். முழுப் பொறுப்பும் அவருடையது. மேலே தேயிலைக்காகக் கம்பனி வெட்டிய பாதையிலிருந்து இறங்கிய நீர் அவருடைய மேட்டைச் சரித்தாலும், வெட்டியவர் என்ற பெயர் அவருக்கே. மண்ணின் தாங்குதலையும் நீர் வழிகளையும் யார் பராமரிப்பது என்பதைப் பத்திரத்திலேயே எழுதாமல் உரிமையை மட்டும் கொடுத்தால், பழைய அநீதி புதிய காகிதத்தில் தொடரும்.

அப்படியானால் வேலை செய்யும் குடும்பத்துக்கும் மேசனுக்கும் எந்தப் பொறுப்பும் இல்லையா? உண்டு, அதை மழுப்பக் கூடாது. தூண் கொடுக்காமல் சுவரை இடிப்பதும், கானை மூடி அதன்மேல் தரை போடுவதும், மழை நாளில் மேட்டை வெட்டிவிட்டுத் திறந்து போடுவதும் அயலவரின் உயிரோடு விளையாடுவதாகும். ஏழ்மை இதற்குச் சாக்காகாது, ஏனென்றால் பாதிக்கப்படுபவரும் ஏழையே. தோட்டங்களில் வேலை செய்யும் மேசன் பாஸ்மாரிடம் காப்புறுதி இல்லை. வாய்ப்பேச்சிலேயே வேலை முடிகிறது. என்ன வேலை, எந்தச் சுவர், எப்போது, சேதம் வந்தால் யார் சரிசெய்வது என்று நாலு வரி எழுதி இரு தரப்பும் அயலவரும் கையெழுத்திட்டால், மத்தியஸ்த சபைக்குப் போகும்போது அதுவே பெரிய ஆதாரம். கைத்தொலைபேசியில் வேலைக்கு முன் எடுத்த படம் இன்னொரு ஆதாரம். இதற்குச் செலவே இல்லை. வழக்குக்கான இரண்டு ஆண்டுக் கெடுவும் மக்கள் அறிய வேண்டியது. மழைக்கு மழை பார்த்துக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும்.

ஆகவே நியாயமான பங்கீடு இப்படி அமையலாம். வேலை செய்தவரின் தெளிவான கவனக்குறைவால் வந்த சேதத்தை அவரும், அவரை ஏவிய குடும்பமும் ஏற்க வேண்டும். கட்டடத்தின் பழமையால் வந்த சேதத்தை, அல்லது ஒரு வீட்டில் தொடங்கிய சேதம் வரிசை முழுவதும் பரவிய பகுதியை, கட்டடத்தை வைத்திருக்கும் தரப்புகள் ஏற்க வேண்டும். சரிவு ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் மாற்றுக் காணி கொடுக்காமல் மக்களை வைத்திருந்தால், அங்கே மண்ணை வெட்டியவர் யாராக இருந்தாலும் பெரும்பங்கு அரசுக்கும் குத்தகைக்காரருக்கும் உரியது. இதை நடைமுறைப்படுத்தப் புதிய அமைச்சு தேவையில்லை. உறுதிப்பத்திரம் கேட்காமல், குடியிருப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டு லயத் திருத்த வேலைக்குப் பிரதேச சபை இலவச அனுமதி கொடுக்கலாம். 2018 திருத்தத்துக்குப் பின் தோட்டத்துக்குள் செலவிட அதற்குத் தடையில்லை. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் பதுளை, பசறை, ஹாலிஎல, ஹல்துமுல்லை போன்ற பிரிவுகளில் வறண்ட மாதங்களில் தோட்டம் தோட்டமாகப் போய், வெட்டக் கூடாத மேடுகளுக்குச் சிவப்புக் குறி வைத்து வரலாம். மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் ஏற்கெனவே மூன்று தரப்பும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கேயே ஒரு சேத நிதியை ஒதுக்கி, உடைந்த வீட்டை முதலில் கட்டிக் கொடுத்துவிட்டு, யார் எவ்வளவு கொடுப்பது என்பதைப் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கூரையில்லாத குடும்பம் தீர்ப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டுக்கு எதிரான கடைசி மறுப்பு, பணம் எங்கே என்பது. ஆனால் பணம் இன்றும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு மண்சரிவுக்கும் பின் நிவாரணமாக, முகாமாக, புதிய வீடமைப்பாக அரசு செலவிடுகிறது. ஒவ்வொரு எரிந்த லயத்துக்கும் பின் தொழிற்சங்கங்களும் கோயில்களும் செலவிடுகின்றன. ஒவ்வொரு வெடித்த சுவருக்கும் பின் ஒரு குடும்பம் கடன்படுகிறது. கேள்வி, அந்தச் செலவு சேதத்துக்கு முன் திட்டத்தோடு வருமா, பின் கண்ணீரோடு வருமா என்பதுதான். சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற விதி, சேதத்தைத் தடுக்க யார் முயல்வார் என்பதையும் தீர்மானிக்கிறது. நட்டம் முழுவதும் தொழிலாளர் தலையில் விழும் வரை, அதைத் தடுக்கும் வசதியும் அறிவும் உள்ளவர்களுக்குத் தடுப்பதற்கான காரணம் இல்லை. நட்டத்தில் ஒரு பங்கு அவர்கள் கணக்குக்குப் போகும் நாளில்தான், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை கோப்பிலிருந்து லயத்துக்கு இறங்கி வரும்.